கனியும் புகையும்

கல்லூரி அன்னையின் விழாக்காலங்களில் அவள் மைந்தர் பல திக்குகளினின்றும் வந்து கூடுதலும், பழங்கதை பேசி மகிழ்தலும் வழக்கம். அவ்வாறு கூடிய ஒரு மாலைப்பொழுதில், எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்துச் சென்று, தமது சட்டைப்பையினின்றும் இரண்டு பொருள்களை எடுத்துக் காட்டினார். ஒன்று சிகரெட்டுப் பெட்டி. மற்றையது செம்மஞ்சள் நிறக் குளிகைகள் நிறைந்த சிறு போத்தல். "இது செய்யும் கேட்டை இது தீர்க்குமாம். காலையிலே பழமும் தின்கிறேன். நீர் விஞ்ஞானம் படிப்பித்தவரல்லவா? சொல்லும் பார்ப்போம், நான் செய்வது சரிதானே?" என்று வினவினார். அவ்வினாவை முடிப்பதற்குள் அவர் இருமுறை இருமினார்.

அன்று விழா ஆரவாரத்தின் நடுவே யாம் அவருக்கு அரைகுறையாகவே விடையிறுத்தோம். அவ்வினா எம் நண்பர் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று. பழத்தில் உள்ள சத்துக்கள் புகையின் நஞ்சை முறிக்கும் என்னும் எண்ணம் இன்று கற்றோரிடையேயும் பரவியிருக்கின்றது. அதில் உண்மை எத்துணை, பொய்ம்மை எத்துணை என்பதை ஆராய்ந்து, அன்று குறையாக விட்ட விடையை ஈண்டு நிறைவு செய்ய முயல்கின்றோம்.

சுவாசப்பையின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். மூச்சுக்குழல், தலைகீழாக நிற்கும் மரம்போலக் கிளைத்துக் கிளைத்துச் சென்று, முடிவில் திராட்சைக் குலை போன்ற நுண்ணிய சிற்றறைகளை அடைகின்றது. அச்சிற்றறைகள் ஏறத்தாழ 30 கோடி உள. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் நிலத்தை மூடும். நாம் இருந்து கற்ற வகுப்பறையினும் அது பெரிது. அச்சுவரோ ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூறினும் மெல்லியது. இத்துணை மெல்லிய திரையின் ஊடாகவே ஒட்சிசன் குருதியிற் கலக்கின்றது.

இவ்வரிய உறுப்பைக் காப்பதற்கு இயற்கை பல காவல்களை வைத்துள்ளது. மூச்சுக்குழலின் உட்புறத்தில் நெற்பயிர் போல அடர்ந்து நிற்கும் பிசிர்கள் இடையறாது அசைந்து, தூசியையும் சளியையும் மேனோக்கித் தள்ளுகின்றன. சிற்றறைகளில் அழுக்கை விழுங்கும் கலங்கள் உலாவுகின்றன. சுவாசப்பையின் உட்பரப்பை நனைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலே குளுற்றதயோன், யூரிக்கமிலம், உயிர்ச்சத்து சி முதலியன கரைந்துள்ளன. இவையே ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள்.

ஒட்சியேற்றம் என்பது யாது? இரும்பு துருப்பிடித்தலும், வெட்டிய அப்பிள் பழுப்பு நிறம் அடைதலும், பழைய எண்ணெய் காறிப்போதலும் அதன் விளைவுகளே. வெட்டிய அப்பிளில் தேசிக்காய்ச் சாற்றைத் தடவினால் அது விரைவிற் கறுப்பதில்லை என்பதைச் சமையலறையில் யாவரும் கண்டிருப்பர். சாற்றிலுள்ள உயிர்ச்சத்து சி தான் ஒட்சியேற்றத்துக்கு உட்பட்டு அப்பிளைக் காக்கின்றது. அதன் புளிப்பும் அதற்குத் துணை நிற்கின்றது. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானியாகிய அல்பேட் சென்ற் ஜியோர்ஜி 1928 ஆம் ஆண்டளவில் இப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1937 இல் நோபல் பரிசும் பெற்றார்.

இனிப் புகைக்கு வருவோம். சிகரெட்டுப் புகையில் 7,000 க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைக்க வல்லன. இவற்றோடு சுயாதீன மூலிகங்கள் எனப்படுவனவும் அதில் நிறைந்துள்ளன. ஓர் இலத்திரன் துணையின்றித் தனித்து நிற்பதால், அருகில் உள்ள மூலக்கூறினின்றும் ஓர் இலத்திரனைப் பறித்தெடுக்கும் இயல்புடையன அவை. பறிகொடுத்தது அடுத்ததினின்றும் பறிக்க, அழிவு தொடர்கின்றது. ஒரேயொரு முறை இழுக்கும் புகையில் இவை ஒன்றின் பின் பதினைந்து பூச்சியங்கள் இட்ட தொகையினவாக உள்ளன என இரசாயன அறிஞர் கணித்துள்ளனர்.

இப்படை புகுந்த இடத்தில் நிகழ்வனவற்றைச் சுருங்கக் கூறுவோம். பிசிர்கள் முதலில் அசைவிழந்து பின்னர் உதிர்கின்றன; சளி தேங்குகின்றது; காலையில் எழுந்தவுடன் வரும் இருமல், பிசிர்கள் செய்யாத வேலையை உடல் வேறு வழியாற் செய்யும் முயற்சியே. புகையால் எரிச்சலுற்ற சுவாசப்பைக்குள் வெண்குருதிக் கலங்கள் திரண்டு வருகின்றன. அவை வெளிவிடும் ஒரு நொதியம் சிற்றறைகளின் மீள்தன்மை நார்களை அரிக்க வல்லது. அந்நொதியத்தை அடக்குவதற்கு அல்பா-1 அன்ரிரிப்சின் என்னும் புரதம் குருதியில் உள்ளது. சுவீடனில் 1963 இல், இப்புரதம் பிறவியிலேயே குறைந்தவர்கள் இளவயதிற் சுவாசப்பை நோய்க்கு ஆளாதல் கண்டறியப்பட்டது. சிகரெட்டுப் புகையோ, குறைவின்றிப் பிறந்தவரிடத்தும் இப்புரதத்தை ஒட்சியேற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. காவலாளியின் கையைக் கட்டிவிட்டுக் கள்வனை உள்ளே விடுவது போன்றது இது. சுவர் அரிபட்ட சிற்றறைகள் ஒன்றோடொன்று கலந்து பெரும் பைகளாகின்றன. அவ்வாறு அழிந்த சிற்றறை மீண்டும் உண்டாவதில்லை.

புகையின் கேடு பெரிதும் ஒட்சியேற்றத்தால் வருமாயின், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளை மிகுதியாகக் கொடுத்தால் அக்கேடு நீங்கும் அன்றோ? இவ்வாறு எண்ணுதல் இயல்பு. எம் நண்பர் மாத்திரமன்றி, உலகப் பெரும் அறிஞரும் இவ்வினாவை எழுப்பினர்.

அவ்வறிஞருள் ஒருவர் றிச்சட் டொல். புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950 இல் பிராட்போட் ஹில்லோடு சேர்ந்து இங்கிலாந்தில் நிறுவியவர் அவர். தாமும் புகைத்தவரான டொல், தம் ஆய்வின் முடிவைக் கண்டு புகைத்தலை விட்டொழித்தார் என்பது அவர் நேர்மைக்குச் சான்று. பழங்களையும் காய்கறிகளையும் மிகுதியாக உண்போரிடத்துப் புற்றுநோய் குறைந்து காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின. கரட், பப்பாசி, மாம்பழம் முதலியவற்றுக்குச் செம்மஞ்சள் நிறம் தரும் பீற்றா கரோட்டீன் அதற்குக் காரணமாகலாமோ என்று டொல், றிச்சட் பீற்றோ முதலிய நால்வர் 1981 இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினர். ஆம் என்று அவர்கள் முடிவு கூறிவிடவில்லை. சோதித்தறிதல் வேண்டும் என்றே வற்புறுத்தினர்.

அச்சோதனை பின்லாந்தில் நிகழ்ந்தது. 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைக்கும் ஆடவர் 29,133 பேர் அதற்குச் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது சிகரெட்டுகளாக முப்பது ஆண்டுகளுக்கு மேற் புகைத்தவர். ஒரு பகுதியினர்க்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டீன், ஒரு பகுதியினர்க்கு உயிர்ச்சத்து ஈ, ஒரு பகுதியினர்க்கு இரண்டும், எஞ்சியோர்க்குச் சத்தேதுமற்ற வெறுங்குளிகை எனப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. யார் எதை உண்கின்றார் என்பதை உண்போரும் அறியார், கொடுப்போரும் அறியார். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை இவ்வாறு நடைபெற்றது.

1994 இல் முடிவு வெளியாயிற்று. கரோட்டீன் உண்டவருள் 474 பேரும், உண்ணாதவருள் 402 பேரும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு ஆளாயினர். குறையும் என்று எதிர்பார்த்தது நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியிருந்தது! மொத்த மரணங்களும் நூற்றுக்கு எட்டு வீதம் கூடியிருந்தன. உயிர்ச்சத்து ஈ சுவாசப்பைப் புற்றுநோயைக் குறைக்கவில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததோ என ஐயுற்றோரும் இருந்தனர். அவ்வேளை அமெரிக்க ஐக்கிய நாடுகளில், புகைப்போரும் புகைத்து விட்டோரும் கல்நார்த் தொழிலாளருமாகிய 18,314 பேரிடத்து மற்றொரு சோதனை நடைபெற்றுக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கரோட்டீன் 30 மில்லிகிராமும் உயிர்ச்சத்து ஏ-யும் கொடுக்கப்பட்டன. அங்கும் சுவாசப்பைப் புற்றுநோய் நூற்றுக்கு 28 வீதமும் மரணம் 17 வீதமும் கூடியமை கண்டு, 1996 சனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னரே குளிகை கொடுப்பதை நிறுத்தினர். புகைப்போர் சிலரே இருந்த அமெரிக்க வைத்தியர் 22,071 பேரிடத்து நிகழ்ந்த வேறொரு சோதனையிலோ, பன்னிரண்டு ஆண்டுகள் கரோட்டீன் கொடுத்தும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எனவே, புகை படிந்த சுவாசப்பையிலேயே அக்குளிகை பகையாயிற்று என்பது புலனாகின்றது.

பின்லாந்துச் சோதனையில் மற்றுமோர் உண்மை பொதிந்துள்ளது. அதை நாம் சிறப்பாகக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். சோதனை தொடங்குமுன்னரே எல்லோரது உணவும் குருதியும் ஆராயப்பட்டிருந்தன. வெறுங்குளிகை உண்டவருள், உணவின் வழியாகக் கரோட்டீன் மிகுதியாகப் பெற்றவரிடத்துப் புற்றுநோய் குறைந்தே காணப்பட்டது. உணவிற் பெற்றவர்க்கு நன்மையின் குறி. குளிகையிற் பெற்றவர்க்குத் தீமை. ஒரே நாட்டில், ஒரே சோதனையில், ஒரே பொருளைப் பற்றிக் கிடைத்த இரு செய்திகள் இவை.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் யாது? முதலாவது, அளவு. 20 மில்லிகிராம் குளிகை உண்டவரின் குருதியிற் கரோட்டீன் பத்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. உணவால் அத்துணை உயர்வு நேர்வதில்லை. இரண்டாவது, சூழல். ஒட்சிசன் மிகுந்த இடத்திற் கரோட்டீன் தானே ஒட்சியேற்றத்தை வளர்ப்பதும் உண்டு என 1984 இல் ஆய்வுகூடத்திற் காட்டப்பட்டது. சுவாசப்பையினும் ஒட்சிசன் மிகுந்த இடம் உடலில் வேறெங்கே? புகையூட்டிய பெரெற் என்னும் சிறு விலங்குகளுக்குக் கரோட்டீனை மிகுதியாகக் கொடுத்தபோது, அவற்றின் சுவாசப்பைக் கலங்கள் புற்றுநோய்க்கு முற்பட்ட மாறுதல்களை அடைந்தன என்பது 1999 இல் வெளியாயிற்று. மூன்றாவது, புற்றுநோய்க் கலமும் உயிர்க்கலமே என்பது. ஒட்சியேற்றம் அதனையும் வருத்துகின்றது. அவ்வருத்தத்தை நீக்கினால் நலிந்த கலத்துக்கும் நன்மை, கெட்ட கலத்துக்கும் நன்மை. சுவீடனில் 2014 இல் எலிகளிடத்து நிகழ்த்திய ஆய்வில் இவ்வாறே புற்றுக்கட்டிகள் விரைந்து வளர்ந்தன. நான்காவது, ஒரு பழத்தை உண்போர் கரோட்டீனை மாத்திரம் உண்பதில்லை. நூற்றுக்கணக்கான பொருள்கள் தம்முள் இயைந்து கனியாகின்றன. ஒன்றைப் பிரித்தெடுத்து அதற்கே புகழ் முழுவதையும் கொடுத்தல், இசைக்குழுவிற் சுருதிப்பெட்டியை மாத்திரம் தனியே ஒலிக்கவிட்டுக் கச்சேரி என்பது போலாகும்.

இவ்வளவும் கூறியதனாற் கனிகளை நாம் இகழ்ந்தோம் என்று கொள்ளற்க. கனிக்கு உரிய சிறப்பை இனிக் கூறுவோம்.

புகைப்பவரின் குருதியில் உயிர்ச்சத்து சி குறைந்து காணப்படும். புகையோடு போரிட்டு அது விரைவிற் செலவாகின்றது. ஆதலால் வளர்ந்த ஆடவர்க்கு 90 மில்லிகிராம், பெண்டிர்க்கு 75 மில்லிகிராம் என நாளளவு விதித்த அமெரிக்க வைத்தியக் கழகம், புகைப்போர்க்கு மேலும் 35 மில்லிகிராம் வேண்டும் என 2000 ஆம் ஆண்டிற் கூறியது. இதற்குக் கடல் கடந்து வரும் பழம் வேண்டியதில்லை. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேலும், பப்பாசியில் ஏறத்தாழ 60 மில்லிகிராமும், தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராமும் உயிர்ச்சத்து சி உண்டு. வேலியோரக் கொய்யாவைக் கடந்து சென்று கடையிற் குளிகை வாங்குவோரைக் காணும்போது யாம் வருந்துவதுண்டு.

சுவீடன் நாட்டு ஆடவர் 44,000 பேருக்கு மேற்பட்டோரை ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. நாள்தோறும் உண்ணும் பழம், காய்கறி ஒரு பங்கு கூடுந்தோறும், மூச்சுத்தடை நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, புகைத்து விட்டவரிடத்து நூற்றுக்கு 8 வீதமும் இன்னும் புகைப்பவரிடத்து 4 வீதமும் குறைந்திருந்தது. அதே ஆண்டில், ஜேர்மனி, நோர்வே, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 680 பேரின் மூச்சளவைப் பத்தாண்டு இடைவெளியில் அளந்த ஆய்வும் வெளிவந்தது. தக்காளியும் அப்பிள் முதலிய புதிய பழங்களும் மிகுதியாக உண்டவரின் சுவாசப்பை மெதுவாகவே தளர்ந்தது. புகைத்து விட்டவரிடத்து இவ்வேறுபாடு மிகுந்து, பத்தாண்டில் ஏறத்தாழ 80 மில்லிலீற்றராக இருந்தது.

இவ்விரு ஆய்வுகளும் நோக்கியறிந்தனவேயன்றிச் சோதித்தறிந்தன அல்ல. பழம் உண்போர் பிற நல்வழக்கங்களும் உடையராயிருத்தல் கூடும். ஆயினும் இரண்டிலும் ஒரு கருத்து ஒத்து நிற்றல் காண்க: கனியின் நன்மை, புகையை விட்டவனிடத்தே பெரிதாகத் தோன்றுகின்றது. எரியும் வீட்டில் ஒரு புறம் நெருப்பை வளர்த்துக்கொண்டு மறுபுறம் ஓலை வேய்பவனுக்கு, ஓலை எத்துணை நல்லதாயினும் பயன் யாது? மேலும், புகையின் கேடு யாவும் ஒட்சியேற்றமன்று. புகையிலுள்ள பென்சோபைரீன், நைத்திரோசமீன் போன்றவை கலத்தின் மரபுப்பொருளோடு ஒட்டி அதைப் பழுதாக்குகின்றன. காபனோரொட்சைட்டு, ஒட்சிசனுக்குரிய இடத்தைக் குருதியிற் கவர்ந்துகொள்கின்றது. இவற்றுக்கு எந்தக் கனியும் மாற்றாகாது.

அங்ஙனமாயின் மாற்று யாது? அதையும் டொல் அவர்களே அளந்து காட்டினர். 1951 இல் பிரித்தானிய வைத்தியர்க்குக் கடிதம் எழுதி அவர் தொடங்கிய ஆய்வு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 2004 இல் வெளிவந்த அதன் முடிவு இது: இடைவிடாது புகைத்தோர், புகையாதோரினும் சராசரி பத்து ஆண்டுகள் முந்தி இறந்தனர். அறுபது வயதில் விட்டவர் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர். முப்பதில் விட்டவரோ, இழக்க இருந்த பத்தையும் ஏறத்தாழ முழுமையாக மீட்டனர். எந்தக் குளிகையும் எந்தக் கனியும் இத்தகைய கணக்கைக் காட்டியதில்லை. அழிந்த சிற்றறை மீளாதெனினும், புகையை விட்டதும் மூச்சின் தளர்ச்சி மெதுவாகின்றது. புகையை விட்டவரின் மூச்சுக்குழற் கலங்களுள் நூற்றுக்கு நாற்பது வரை, ஒருபோதும் புகையாதவரின் கலங்களைப் போலவே பழுதற்றிருத்தல் 2020 இற் கண்டறியப்பட்டது. உடல் தன்னைத் தானே புதுப்பிக்கக் காத்திருக்கின்றது. நாம் இடங்கொடுத்தலே வேண்டுவது.

இவற்றை எழுதும் தகுதி எமக்கு உண்டோ என நாமே எம்மை வினவியதுண்டு. யாமும் இருபத்திரண்டு ஆண்டுகள் புகைத்தவர். வகுப்பிலே சுவாசப்பையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, இடைவேளையிற் சுவருக்கு அப்பால் நின்று புகைத்த நாள்கள் பல. மாணவர் கண்டனர், கண்டும் காணாதவர்போற் சென்றனர். ஒருநாள் அவர்களுள் ஒருவன் அதே சுவருக்கு அப்பால் நிற்கக் கண்டோம். அவனைக் கடிந்துகொள்ள எமக்கு வாய் எழவில்லை. அன்றுதான் விட்டோம் என்று கூறினால் அது பொய்யாகும். மும்முறை விட்டு மும்முறை தொட்டு, நான்காம் முறையே விட்டோம். ஆதலின் விடமுடியாது தவிப்போரை யாம் இகழோம். ஒருமுறை தவறியவர் மறுமுறையும் முயலுக. நிக்கொற்றீன் என்னும் பொருளின் பிடி வலிது. அதைத் தளர்த்துவதற்கு வைத்தியரிடம் இன்று மருந்தும் உண்டு.

வடபுலத்தாராகிய நமக்கு இதில் மற்றுமொரு நெருக்கம் உண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலை, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்கு ஏற்றப்பட்டுப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. சுருட்டுத் தொழில் பல குடும்பங்களைத் தாங்கிற்று. எம் தந்தையார் கட்டிய பாடசாலைப் பணத்திலும் புகையிலைத் தோட்டத்தின் வியர்வை இருந்தது. அவ்வுழைப்பை யாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் அப்பணத்தாற் கற்ற கல்வி, அப்பயிரின் தீமையை எடுத்துரைக்கவும் எமக்குக் கற்றுத் தந்தது. சுருட்டுப் புகை சுவாசப்பைக்குள் அவ்வளவாகச் செல்லாது என ஆறுதல் கொள்வோர், வாய்ப்புற்றுநோயும் அதன் வழியே வருதலை மறத்தல் கூடாது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்துகளின் பெயரை அடுக்காது, உண்ணும் முறையையும் அளவையும் பெரிதும் பேசுகின்றார். பின்லாந்துச் சோதனையைப் படித்தபோது அவ்வதிகாரமே எம் நினைவுக்கு வந்தது. கனி உணவாக நின்றபோது துணையாயிற்று. அளவு கடந்து மருந்தாக வேடம் பூண்டபோது பகையாயிற்று.

இனி எம் நண்பர்க்கு விடை கூறுவோம். நண்பரே, அந்தக் கரோட்டீன் போத்தலைப் புகைப்பவராகிய நீர் உண்ணுதல் ஆகாது. அதை வைத்தியரிடம் காட்டி இன்றே நிறுத்தும். பின்லாந்தில் அக்குளிகையை விட்டவரிடத்து அதன் தீமை சில ஆண்டுகளில் மறைந்தது என்பது உமக்கு ஆறுதலாகுக. பழத்தை விடவேண்டாம், கொய்யா, பப்பாசி, தக்காளி என்று நாள்தோறும் உண்ணும், நீரிழிவு இருப்பின் அளவறிந்து உண்ணும். இருமலை வைத்தியர் ஒருவர் ஆராயட்டும். மற்றைய பெட்டியை விட்டுவிடும். நமக்கு வயது அறுபது. டொல் அவர்களின் கணக்கின்படி உமக்கு மூன்று ஆண்டுகள் மீளும். மூன்று ஆண்டுகள் சிறிதென எண்ணற்க. உமது பேரன் அரிச்சுவடி தொடங்கி, தானே உமக்குக் கதை வாசித்துக் காட்டும் வரையுள்ள காலம் அது.

இவ்விதழைப் புரட்டும் மாணவ மணிகாள்! உங்களுக்கு மீட்கவேண்டிய கணக்கே இல்லை. அக்கணக்கைத் தொடங்காதிருப்பீர்களாக. ஆசிரியப் பெருமக்களே! நாம் கரும்பலகையில் எழுதுவதினும் சுவருக்கு அப்பால் நின்று செய்வதையே பிள்ளைகள் நன்கு படிக்கின்றனர். அடுத்த விழாவிற் கூடும்போது, எம் வகுப்பு வாங்கில் இருந்தோர் யாவரும் இருமலின்றிக் கல்லூரிக் கீதம் இசைக்கும் பேறு வாய்ப்பதாக.